இடப்பக்கம் ஆறு டெசிபல்

முதலில் சுவருக்குக் கரும்பச்சை அடிக்கச் சொன்னேன்.
"மாதா படம் இருக்கிற சுவரா?" என்றார் பிலோமினா அக்கா.
மாதா சமையலறைக்குக் குடிபோனார்.
இரண்டு நாள் என்னோடு பேசாமலே
எனக்குத் தேநீர் வந்தது.

லாபிஸ். தாமானில் மூன்றாவது வரிசை.
பின்சுவருக்கு அப்பால் செம்பனை, செம்பனை, செம்பனை.
பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி ஹால்,
வழவழவென்று டைல்ஸ்.
ஒரு கை தட்டினால் மூன்று பேர் தட்டுகிறார்கள்.

முட்டை அட்டை ஒட்டலாமா என்றார் சவரிமுத்து.
பாசார் மாலாமில் யாரோ சொன்னார்களாம்.
அட்டை முட்டைக்குத்தான் அண்ணே.
கனத்த சீலை வாங்குங்க, தரைக்கு ஒரு கம்பளம்,
மிச்சக் காசு இருந்தால் இன்னொரு கம்பளம்.

எத்தனை அங்குலம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.
எத்தனை அடி தள்ளி உட்காரலாம் என்று
கேட்கும் ஒருவரை
ஒன்பது வருஷமாய்த் தேடுகிறேன்.

பத்தடி. நூற்றுப் பத்து அங்குலம்.
நடுப்பெட்டி உதட்டுக்கு நேராக,
பின்பெட்டிகள் காதுக்குச் சற்று மேலே.
அவர் தலை வரும் உயரத்தில் மைக்கை நிறுத்தி
ஐந்து பெட்டியிலும்
எண்ணெய் காயும் சத்தம் ஓட்டினேன்.
எல்லாம் எழுபத்தைந்து,
நூல் பிடித்தது போல.

சவரிமுத்து உட்கார்ந்தார். பார்த்தார்.
"வலப்பக்கம் மட்டுந்தான் படம் ஓடுது தம்பி."

மில்லில் இருபத்தாறு வருஷம்.
பாய்லர் எப்போதும் அவருக்கு இடப்பக்கம்.

"சிகாமட் தியேட்டர்ல எப்படி அண்ணே?"
"இடது ஓரம், கடைசி சீட்டு.
சுவத்துப் பெட்டி காதுக்குள்ளயே பேசும்."

இதை எந்த மைக்கும் எனக்குச் சொல்லவில்லை.

இடப்பக்கத்தை ஆறு டெசிபல் தூக்கினேன்.
கைப்பேசியில் கோடு சிவந்து கத்தியது.
கத்தட்டும்.
அக்கா வலக்கோடியில் உட்கார்ந்தால்
அவருக்கும் ஏறக்குறைய நேராகிவிடும்.
அவர் எப்படியும் அங்கேதான் உட்காருவார்,
அடுப்பு தெரியும் இடம்.

சனி இரவு முதல் படம்.
கறுப்பு கறுப்பாக இருந்தது. இடி நெஞ்சில் விழுந்தது.
ஆனால் தண்ணீர் குடிக்க ஒருமுறை நின்றது,
மகள் கோலாலம்பூரிலிருந்து அழைக்க ஒருமுறை,
பல்லியைத் துரத்த ஒருமுறை.
ரிமோட்டை வாங்கி
என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
படம் நமக்காகக் காத்திருக்கக் கூடாது அண்ணே.

அப்போதுதான் வாசலில் சூங்.
பக்கத்து வீடு, ஹார்ட்வேர் கடை.
ஒவ்வொரு குண்டுக்கும் அவர் கம்பிக் கதவு கிடுகிடுக்கிறதாம்,
தொட்டி மீனெல்லாம் ஒரே மூலையில் ஒண்டிவிட்டதாம்.
கோபமெல்லாம் மலாயில்.
பூட்டைத் திறந்த அக்கா
முக்காலியைக் காலால் தள்ளிப் போட்டார்,
சவரிமுத்துவுக்கு இடப்பக்கம்.

ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தவர்.

நகைச்சுவைக் காட்சி.
கீழே மலாய் எழுத்து முழுவதும் ஓடிவிட்டது,
நடிகன் பாதி வசனத்தில்தான் இருக்கிறான்.
இருட்டில் வெடிக்கிறது சூங்கின் சிரிப்பு,
தமிழ் தெரிந்த எங்களுக்கு
ஒரு மூச்சு முன்னால்.

அடுத்ததற்கும் முந்திக்கொண்டார்.
"ஷ்ஷ்" என்றார் அக்கா. பிறகு அவரும் சிரித்தார்.
எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே
நானும்.

சவரிமுத்து தலையைத் திருப்பினார்.
திரைப்பக்கம் அல்ல,
முக்காலிப் பக்கம்.
அந்தக் காது பக்கம்.

கேட்டதா என்று நான் கேட்கவில்லை.
படம் ஓடிக்கொண்டிருந்தது.

மைக்கைப் பையில் வைத்தேன்.
நாளை ஒருமுறை வரவேண்டும்,
கம்பிக் கதவுக்கு நாலு வாஷர்.
அதையும் சூங்கின் கடையில்தான் வாங்கவேண்டும்.